பழைய இன்னோவால புது ஸ்டீரியோ போடறது: வயரை வெட்டாம, பேட்டரி இறங்காம

கேள்வி கேட்டவர் வச்சிருக்கறது 2010 மாடல் டொயோட்டா இன்னோவா, 2.5 டீசல், சென்னைப் பக்கம் ஓடுது. அப்பா வாங்கின வண்டி, ஆர்சி இப்பதான் புதுப்பிச்சு இன்னும் 5 வருஷம் கிடைச்சிருக்கு, அதனால விக்கற யோசனை இல்ல. வண்டியோட வந்த சிடி செட் இப்ப சிடியை உள்ள இழுத்துக்குது, வெளிய தள்ள மாட்டேங்குது. ப்ளூடூத் கிடையாது. ஆக்சஸரீஸ் கடைல போய் கேட்டா, "10 இன்ச் ஆண்ட்ராய்டு போட்டுடலாம் சார், வயரை கட் பண்ணி ஜாயின்ட் குடுத்தா அரை மணி நேர வேலை"ன்னு சொல்லியிருக்காங்க. போடலாமா, வயரை வெட்டினா என்ன ஆகும், எந்த மாதிரி செட் வாங்கறது, இதான் கேள்வி.

மாத்துங்க, தாராளமா மாத்துங்க. ஆனா வயரை மட்டும் வெட்ட விடாதீங்க. எந்த செட் வாங்கறோம்ங்கறதை விட அது எப்படி மாட்டப்படுதுங்கறதுதான் அடுத்த 5 வருஷம் உங்களுக்கு நிம்மதியா இல்லையான்னு முடிவு பண்ணும். நான் கார் எலக்ட்ரிக்கல் வேலைல இருக்கேன், "ஸ்டீரியோ சரியில்ல"ன்னு வர்ற வண்டில பாதிக்கு மேல செட்ல குறை இருக்காது, டேஷ்போர்டுக்குப் பின்னாடி முறுக்கி டேப் சுத்தின வயர்லதான் இருக்கும்.

முதல்ல இந்த வயர் விஷயத்தை முடிச்சிடறேன், ஏன்னா இதுல இன்னோவாவுக்குன்னே ஒரு சிக்கல் இருக்கு. உங்க பழைய செட்டை வெளிய இழுத்தா பின்னாடி ரெண்டு கப்ளர் (வயருங்க மொத்தமா வந்து சேர்ற பிளாஸ்டிக் சொருகி) இருக்கும், ஒண்ணு 10 பின், இன்னொண்ணு 6 பின். டொயோட்டா இந்த ரெண்டு கப்ளரையும் எத்தனையோ வருஷமா எத்தனையோ மாடல்ல போட்டுட்டு வந்திருக்கான். 10 பின்னுல கரன்ட் வயருங்களும் முன்னாடி ரெண்டு ஸ்பீக்கரும் வரும், 6 பின்னுல பின்னாடி ஸ்பீக்கருங்க வரும். இப்ப கலரைப் பாருங்க. டொயோட்டா வயரிங்ல எப்பவும் 12 வோல்ட் இருக்கற பேட்டரி லைன் நீலத்துல மஞ்சள் கோடு. கீயை முதல் ஸ்டெப் திருப்பினா வர்ற ஏசிசி லைன் சாம்பல். எர்த் பிரவுன். ஹெட்லைட் போட்டா வர்ற இல்லுமினேஷன் பச்சை. முன்னாடி இடது ஸ்பீக்கர் பிங்க்கும் வயலெட்டும், முன்னாடி வலது இளம்பச்சையும் நீலமும். பின்னாடி வலது சிவப்பும் வெள்ளையும், பின்னாடி இடது கறுப்பும் மஞ்சளும்.

கடைல வாங்கற புது செட்ல கலர் முறை வேற. அதுல மஞ்சள்தான் பேட்டரி, சிவப்பு ஏசிசி, கறுப்பு எர்த், ஆரஞ்சு இல்லுமினேஷன். ஸ்பீக்கருக்கு வெள்ளை முன் இடது, கிரே முன் வலது, பச்சை பின் இடது, வயலெட் பின் வலது, ஒவ்வொண்ணுலயும் கறுப்புக் கோடு போட்டது மைனஸ். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. சிவப்புக்கு சிவப்பு, கறுப்புக்கு கறுப்பு, மஞ்சளுக்கு மஞ்சள்னு ஒருத்தர் கலரைப் பாத்து முறுக்கினா கரன்ட் வயர் மூணும் நேரா போய் பின்னாடி ஸ்பீக்கர்ல மாட்டும். பழகின ஃபிட்டர் இப்படி பண்ண மாட்டார், டெஸ்டர் வச்சுப் பாத்துட்டுதான் கட்டுவார், ஆனா எல்லா கடைலயும் எல்லா நாளும் பழகின ஃபிட்டரே இருப்பார்னு சொல்ல முடியாது, ஞாயித்துக்கிழமை கூட்டத்துல புதுப் பையன் கைல வண்டி போகும்.

இதுக்கு விடை ரொம்ப சுலபம். டொயோட்டா கப்ளர்னு கேட்டா ஒரு பக்கம் உங்க வண்டியோட 10 பின், 6 பின் கப்ளர்ல அப்படியே போய் உக்கார்ற மாதிரியும் இன்னொரு பக்கம் புது செட்டுக்கு போற வயர் நீட்டிக்கிட்டும் இருக்கற ஒரு ரெடிமேட் வயரிங் செட் கிடைக்கும். சில நூறு ரூபாதான். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுல எந்த கடைல கேட்டாலும் எடுத்துக் குடுப்பாங்க, ஆன்லைன்லயும் இருக்கு. சில ஆண்ட்ராய்டு செட்டுல, செட்டைச் சுத்தி சந்து தெரியாம மூடற பிளாஸ்டிக் ஃப்ரேம் வாங்கும்போதே இந்த கப்ளரும் சேந்தே வரும். புது செட்டோட வயரையும் இந்த கப்ளர் வயரையும் மேஜை மேல வச்சு நிதானமா சால்டர் பண்ணி, சூடு காட்டினா சுருங்கி வயரைப் பிடிச்சுக்கற ஹீட் ஷ்ரிங்க் ட்யூப் போட்டு முடிச்சுட்டு, வண்டில போய் வெறுமனே கிளிக் பண்ணி மாட்டணும். வண்டி வயர்ல கத்தி படவே கூடாது. மாட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவை மல்டிமீட்டர் வச்சு பாத்துக்கோங்க: கீ இல்லாம நீல மஞ்சள்ல 12 வோல்ட் வரணும், கீ முதல் ஸ்டெப்ல சாம்பல்ல வரணும், கீயை எடுத்தா சாம்பல்ல போயிடணும். வண்டி ஏற்கனவே ரெண்டு கை மாறினதுன்னா, இல்ல முன்னாடி யாராவது செட்ல கை வச்சிருந்தா, கலரை நம்பவே நம்பாதீங்க, மீட்டரை நம்புங்க.

இன்சுலேஷன் டேப் ஏன் வேணாம்ங்கறேன்னா, நம்ம ஊர் மே மாச வெயில்ல வண்டியை வெளிய நிறுத்திப் பாருங்க, டேஷ்போர்டுக்குள்ள இருக்கற சூட்டுல டேப்போட பசை இளகி பிசுபிசுன்னு வழிஞ்சு டேப் தானா பிரிஞ்சுடும். முறுக்கின வயர் உள்ள வெறும் செம்பா நிக்கும். பேட்டரி லைன் அப்படி நின்னு பக்கத்துல இருக்கற இரும்பு பிராக்கெட்ல பட்டா ஃப்யூஸ் போறதோட முடிஞ்சா நல்லது. சால்டர் பண்ணத் தெரியாதவங்க நல்ல கிரிம்ப் (வயரை உள்ள விட்டு நசுக்கி இறுக்கற குழாய்) போட்டாலும் போதும், ஆனா வயரை உரிக்காமலேயே மேல கவ்வுற அந்த நீல கிளிப் இருக்கு பாருங்க, அது வேணவே வேணாம், கொஞ்ச நாள்ல லூஸ் ஆகி விட்டு விட்டு கரன்ட் வரும்.

எர்த் விஷயத்துலயும் ஒரு வார்த்தை. பிரவுன் வயர்ல எர்த் இருக்கும்போது, பெயின்ட் அடிச்ச பாடி ஸ்க்ரூ ஒண்ணைத் தேடி அதுல கறுப்பு வயரைக் கட்டற பழக்கம் சில பேருக்கு இருக்கு. எர்த் சரியா இல்லன்னா ஆக்ஸிலரேட்டர் மிதிக்க மிதிக்க ஸ்பீக்கர்ல "ஊய்ய்ய்"னு ஒரு சத்தம் கூடவே ஏறும், அது ஆல்டர்னேட்டர் சத்தம். அதே மாதிரி ஸ்பீக்கர் மைனஸ் வேற, எர்த் வேற. இப்ப வர்ற செட்டு எல்லாத்துலயும் ஸ்பீக்கரோட ரெண்டு வயர்லயும் சிக்னல் ஓடும், மைனஸ்தானேன்னு அதை பாடில கட்டினா செட்டுக்குள்ள சவுண்டைப் பெருக்கற ஆம்ப் ஐசி போயிடும்.

சரி, இப்ப எந்த செட். இங்க பெரிய குழப்பம் என்னன்னா ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ வேற, ஆண்ட்ராய்டு ஆட்டோ வேற, கடைக்காரங்க ரெண்டையும் ஒண்ணா சேத்து சொல்வாங்க. ஆண்ட்ராய்டு ஸ்டீரியோன்னா அந்த செட்டே ஒரு டேப்லட், அதுக்குள்ள ப்ராசசர், ரேம், ப்ளே ஸ்டோர் எல்லாம் இருக்கும், மேப் ஓடணும்னா அதுக்கு நெட் குடுக்கணும். ஆண்ட்ராய்டு ஆட்டோன்னா மூளை உங்க போன்தான், செட் வெறும் திரையும் ஸ்பீக்கர் ஆம்பும்தான். ஆப்பிள் கார்ப்ளே 2014ல வந்துச்சு, ஆண்ட்ராய்டு ஆட்டோ 2015ல. உங்க வண்டி ரெண்டுக்கும் முன்னாடி வந்தது, ஆனா செட்டை மாத்திட்டா போதும், வண்டி எந்த வருஷம்ங்கறது இதுல கணக்கே இல்ல.

என் கருத்தைக் கேட்டா, 5 வருஷம் ஓட்டப் போற வண்டிக்கு ஆண்ட்ராய்டு ஆட்டோ, கார்ப்ளே ரெண்டும் உள்ள ஒரு கம்பெனி செட்தான் சரி. காரணம் இதுதான்: உங்க போனை நீங்க 3 வருஷத்துக்கு ஒரு தடவை மாத்துவீங்க, அதோட சேந்து மேப்பும் பாட்டு ஆப்பும் வேகமாயிட்டே போகும், செட்டுக்கு வயசாறதே தெரியாது. ஆண்ட்ராய்டு ஸ்டீரியோவுக்குள்ள இருக்கற டேப்லட் வாங்கின அன்னிக்கு என்ன வேகமோ அதான் அதோட உச்சம், அதுக்கப்புறம் ஒவ்வொரு ஆப் அப்டேட்டும் அதை இன்னும் மெதுவாக்கும். சோனி, பயனியர், கென்வுட் மாதிரி கம்பெனிங்கள்ல 7 இன்ச் டச் ஸ்க்ரீன் செட் சுமாரா 15,000 ரூபாய்க்கு மேல ஆரம்பிக்கும், பேர் தெரியாத ஆண்ட்ராய்டு செட் 6,000, 7,000லயே கிடைக்கும், கடைக்கு கடை விலை மாறும். திரை சின்னதா இருக்கேன்னு தோணும்தான், 10 இன்ச்சைப் பாத்துட்டு 7 இன்ச்சைப் பாத்தா மனசு ஒப்பாது. ஆனா கீ போட்டதும் உடனே பாட்டு வர்றது, ரிவர்ஸ் போட்டதும் கேமரா படம் தாமதமில்லாம வர்றது, வெயில்ல திரை தெரியறது, இதுதான் தினமும் நீங்க அனுபவிக்கப் போறது.

பட்ஜெட் இல்ல, இல்ல வீட்டுல குழந்தைங்களுக்கு பெரிய திரைதான் வேணும்னா ஆண்ட்ராய்டு செட்டும் வாங்கலாம், தப்பில்ல, ஆனா டப்பா மேல இருக்கற ஸ்டிக்கரைப் பாத்து வாங்காதீங்க. குறைஞ்ச விலை செட்டுங்கள்ல 8227எல்ன்னு ஒரு மீடியாடெக் சிப் ரொம்ப காலமா சுத்திட்டிருக்கு. 1.3 கிகாஹெர்ட்ஸ்ல ஓடற நாலு கார்டெக்ஸ் ஏ7 கோர், 32 பிட், பழைய சிப். அதுல ஆண்ட்ராய்டு 8.1ஐ போட்டுட்டு செட்டிங்ஸ் பக்கத்துல மட்டும் 10, 12, 13ன்னு எழுதி வச்சிருப்பாங்க, ரேமும் உள்ள இருக்கறதை விட கூட காட்டும். கடைலயே உங்க போன் ஹாட்ஸ்பாட் குடுத்து செட்டோட உள் விவரத்தைக் காட்டற சிபியூ-ஸெட் ஆப்பை இறக்கி ஏபிஐ லெவல்னு ஒரு வரி இருக்கும் அதைப் பாருங்க, ஆண்ட்ராய்டு எந்த வெர்ஷன்னு அந்த நம்பர் சொல்லிடும். 27ன்னு இருந்தா அது ஆண்ட்ராய்டு 8.1, அவங்க 13ன்னு சொன்னா அங்க 33ன்னு இருக்கணும். அதுலயே சிப் பேரும் தெரியும். யூனிசாக் 7862ன்னு போட்டிருந்தா அது வேற தரம், விலையும் அதுக்குத் தகுந்த மாதிரி இருக்கும், அது ஒழுங்கா ஓடும். இந்த சோதனை பண்ண கடைக்காரர் விடலன்னா அந்த செட்டை வாங்க வேண்டாம்.

வயர்லெஸ் ஆண்ட்ராய்டு ஆட்டோ வேணும்னா போன் ஆண்ட்ராய்டு 11 இல்ல அதுக்கு மேல இருக்கணும், 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை இருக்கணும். வயர் போட்டு ஓட்டறதா இருந்தா கேபிள் நல்லதா, ஒரு மீட்டருக்குள்ள இருக்கட்டும், வண்டி குலுங்கும்போது ஆண்ட்ராய்டு ஆட்டோ அடிக்கடி கட்டாகுதுன்னு வர்ற புகார்ல பெரும்பாலும் கேபிளை மாத்தினா சரியாயிடும்.

அளவு விஷயம். கார் செட் அளவுக்கு டின்னுன்னு சொல்றமே, அது ஜெர்மனி தர நிர்ணய அமைப்போட பேரு, அவங்க போட்ட அளவு 1984ல உலகத் தரமாச்சு. சிங்கிள் டின் 180க்கு 50 மில்லிமீட்டர், டபுள் டின் 180க்கு 100. ஆனா டொயோட்டா 200 மில்லிமீட்டர் அகலத்துல இடம் விட்டிருப்பான். அதனால சாதா டபுள் டின் செட்டை உள்ள வச்சா ரெண்டு பக்கமும் 10, 10 மில்லிமீட்டர் சந்து தெரியும். அதை மூட டொயோட்டா சைடு பீஸ் கிடைக்கும், இல்ல இன்னோவா ஃப்ரேம்னே கேட்டு வாங்கிக்கலாம். டொயோட்டாவுக்குன்னே 200 மில்லிமீட்டர் முகப்போட வர்ற செட்டும் உண்டு, அது கிடைச்சா இன்னும் அழகா உக்காரும். 9 இன்ச், 10 இன்ச் போனீங்கன்னா ஃப்ரேம் பெரிசு, அதை ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி உங்க வண்டி ஏசி மேனுவல் நாப்பா ஆட்டோமேட்டிக்கான்னு சொல்லி, வண்டியோட நடுப்பேனலை போட்டோ எடுத்து கடைக்காரருக்கு அனுப்பிட்டு வாங்குங்க.

கழட்டற வேலையை நீங்களே பண்ணலாம், பெரிய கஷ்டம் இல்ல. முதல்ல பேட்டரி மைனஸ் டெர்மினலைக் கழட்டிடுங்க. பேனல் கிளிப்லதான் நிக்கும், ஸ்க்ரூடிரைவர் போட்டு நெம்பாதீங்க, பிளாஸ்டிக்ல ஒரு பள்ளம் விழுந்தா அது ஆயுசுக்கும் கண்ணுல பட்டுட்டே இருக்கும். பேனலை நெம்பறதுக்குன்னே பிளாஸ்டிக் ப்ரை டூல் செட் மலிவாதான் கிடைக்கும். 15 வருஷ வண்டி, கிளிப் எல்லாம் காய்ஞ்சிருக்கும், அதனால ஒரே இடத்துல பலமா இழுக்காம சுத்தி சுத்தி கொஞ்சம் கொஞ்சமா விடுவிங்க, வெயில்ல வண்டி சூடா இருக்கும்போது பண்ணா கிளிப் இளகி வரும். பேனல் வந்ததும் சட்டுனு வெளிய இழுக்காதீங்க, பின்னாடி சுவிட்ச் கப்ளருங்க மாட்டியிருக்கும். செட் 10 எம்எம் போல்ட்ல பிடிச்சிருக்கும். செட்டோட ரெண்டு பக்கத்துலயும் இரும்பு பிராக்கெட் இருக்கும் பாருங்க, அதைக் கழட்டி புது செட்ல மாட்டணும், நிறைய ஓட்டை இருக்கும், எந்த ஓட்டைல மாட்டினா செட் முகம் பேனலோட சமமா வருதுன்னு வச்சு வச்சுப் பாத்து மாட்டுங்க. இங்க ஒரு சின்ன விஷயம் பெருசா கெடுக்கும்: பிராக்கெட்டுக்கு புது செட்டோட வந்த குட்டை ஸ்க்ரூவைத்தான் போடணும், கைக்குக் கிடைச்ச நீள ஸ்க்ரூவைப் போட்டு இறுக்கினா அது உள்ள போய் போர்டுல குத்தும்.

மஞ்சள் கப்ளர், மஞ்சள் உறை போட்ட வயர் எதையாவது உள்ள பாத்தா அதுல கையே வைக்காதீங்க, அது ஏர்பேக் லைன். மீட்டரையும் அதுல வைக்கக் கூடாது.

இப்ப பேட்டரி இறங்கற விஷயம், ஏன்னா புது செட் போட்ட பிறகு வர்ற புகார்ல இதான் முதல். செட்டுக்கு ரெண்டு கரன்ட் லைன் வேணும், ஒண்ணு எப்பவும் இருக்கறது, அது டைம், ஸ்டேஷன், சவுண்ட் செட்டிங் எல்லாம் நினைவு வச்சுக்க. இன்னொண்ணு ஏசிசி, கீ போட்டா ஆன் ஆக. ரெண்டையும் மாத்திக் கட்டினாலோ, மஞ்சளையும் ஏசிசிலயே கட்டினாலோ ஒவ்வொரு தடவை கீ எடுக்கும்போதும் செட் எல்லாத்தையும் மறந்துடும். "மறக்குது சார்"னு திரும்பி வந்தா சில பேர் பண்ற வேலை என்னன்னா ரெண்டையும் சேத்து பேட்டரி லைன்லயே கட்டி விட்டுடறது. இப்ப மறக்காது, ஆனா கீ எடுத்தாலும் செட் தூங்காது. முழு வண்டியும் தூங்கும்போது 50 மில்லி ஆம்பியருக்குள்ள இழுக்கறதுதான் நல்லது, அதுன்னா ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் ஹவர், 65 ஆம்பியர் ஹவர் பேட்டரி பாதி ஆகவே கிட்டத்தட்ட நாலு வாரம் ஆகும். அதுவே அரை ஆம்பியர் இழுத்துட்டே இருந்தா ஒரு நாளைக்கு 12, மூணு நாள் ஊருக்குப் போயிட்டு வந்தா டீசல் இன்ஜினை சுத்த தெம்பு இருக்காது.

ஆண்ட்ராய்டு செட்டுங்கள்ல சரியா வயர் பண்ணியிருந்தாலும் இந்தத் தொல்லை வரலாம், ஏன்னா கீ எடுத்ததும் அது முழுசா அணையாம தூக்க நிலைக்குத்தான் போகும், அடுத்த தடவை சட்டுனு எழுந்துக்க. செட்டிங்ஸ்ல தூக்க நேரம் எவ்வளவுன்னு ஒரு இடம் இருக்கும், அதைக் குறைச்சுடுங்க, வண்டி தினமும் எடுக்கறது இல்லன்னா உடனே முழுசா அணையற மாதிரி வச்சுடுங்க. சந்தேகம்னா மல்டிமீட்டரை 10 ஆம்பியர்ல வச்சு பேட்டரி மைனஸுக்கும் கேபிளுக்கும் நடுவுல போட்டு, கதவெல்லாம் சாத்தி, அரை மணி விட்டு ரீடிங் பாருங்க. மீட்டர் அப்படி இருக்கும்போது யாரும் ஸ்டார்ட்டரைத் தொடக் கூடாது, மீட்டர் போயிடும்.

சவுண்ட் பத்தி கேக்கலன்னாலும் சொல்லிடறேன், ஏன்னா புது செட் போட்டா சவுண்ட் அள்ளும்னு எதிர்பாத்து ஏமாந்துடக் கூடாது. டப்பா மேல 60 வாட்ஸ் இன்ட்டு 4ன்னு போட்டிருக்கும். அதே செட்டுக்குப் பின்னாடி ஃப்யூஸைப் பாருங்க, 10 ஆம்பியர்தான் இருக்கும். 14 வோல்ட்டு, 10 ஆம்பியர், பெருக்கினா 140 வாட்ஸ்தான் உள்ளயே போகுது, 240 வெளிய எப்படி வரும். நிறைய செட்டுங்கள்ல இருக்கற டிடிஏ7388 மாதிரி ஆம்ப் ஐசியோட டேட்டா ஷீட்லயே 4 ஓம் ஸ்பீக்கருக்கு ஒரு சேனலுக்கு சுமார் 26 வாட்ஸ்தான், அதுவும் 10 சதவீதம் டிஸ்டார்ஷனோட, அதாவது சத்தம் சிதைஞ்சு. சுத்தமா கேக்கற அளவு அதுலயும் குறைவு. இன்னோவா கேபினுக்கு அதுவே போதும், உண்மையிலேயே போதும், ஆனா 15 வருஷமா கதவுக்குள்ள ஈரமும் சூடும் பட்ட பேப்பர் கோன் ஸ்பீக்கர் அப்படியே இருக்கும்போது எந்த செட்டும் அற்புதம் பண்ணாது. முதல்ல செட்டை மட்டும் மாத்துங்க, ஒரு மாசம் கேளுங்க, குறை தோணுச்சுன்னா முன்னாடி ரெண்டு ஸ்பீக்கரை மட்டும் மாத்துங்க. ஒரே நாள்ல செட், ஸ்பீக்கர், ஆம்ப், சப்வூஃபர்னு பேக்கேஜா வாங்க வேணாம்.

ஸ்பீக்கர் ப்ளஸ் மைனஸ் மாறியிருக்கான்னு கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. பேலன்ஸை நடுவுல வச்சு கேளுங்க, மாறியிருந்தா பேஸ் காணாம போய், பாடறவர் குரல் எங்கேர்ந்தோ வர்ற மாதிரி இருக்கும். பேலன்ஸை முழுசா ஒரு பக்கம் திருப்புங்க, பேஸ் திரும்பி வரும். மறுபடி நடுவுக்குக் கொண்டு வாங்க, திரும்பப் போயிடும். அப்படி இருந்தா ரெண்டு பக்கத்துல ஒண்ணு தலைகீழா இருக்கு. ஸ்பீக்கரைக் கழட்டியே வச்சிருந்தா ஒரு சாதா பென்சில் செல்லை எடுத்து ரெண்டு வயர்ல ஒரு நொடி தொட்டுப் பாருங்க, செல்லோட ப்ளஸ் ஸ்பீக்கர் ப்ளஸ்ல பட்டா கோன் வெளிப்பக்கம் தள்ளும், மாறியிருந்தா உள்ள இழுக்கும்.

ரேடியோ கேக்கற வீடுன்னா இதைக் கவனிங்க. செட்ல ரேடியோ ரீஜன்னு ஒரு செட்டிங் இருக்கும், அது அமெரிக்கான்னு இருந்தா எஃப்எம் 0.2 தாண்டி தாண்டிதான் போகும், 106.3, அடுத்து 106.5. சென்னைல ஹலோ எஃப்எம் 106.4, ரெயின்போ 101.4, ரெண்டுமே அதுல சரியா பிடிக்காது, ஆனா சூரியன் எஃப்எம் 93.5 நல்லா வரும், அதனால ஆண்டெனா கோளாறுன்னு நெனச்சு ஆண்டெனாவை மாத்திட்டிருப்பாங்க. ரீஜனை இந்தியா, ஆசியா, ஐரோப்பா எதுக்காவது மாத்துங்க, சரியாயிடும். ஏஎம்லயும் இதே கதைதான், நம்ம ஊர்ல ஸ்டேஷன் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி, அமெரிக்கால 10. ஆல் இந்தியா ரேடியோவோட சென்னை ஏ ஸ்டேஷன் 720ல, அது ரெண்டு கணக்குலயும் வர்றதால தப்பிச்சுடும், விவித் பாரதி 783 சிக்காது. அப்பா ஏஎம்ல நியூஸ் கேக்கற ஆள்னா வாங்கறதுக்கு முன்னாடியே செட்ல ஏஎம் இருக்கான்னு கேட்டுக்கோங்க, நிறைய புது செட்ல அதை எடுத்துட்டாங்க.

சிடியும் இனிமே கிடையாது. இருக்கற சிடியை எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தி பென்டிரைவுக்கு மாத்திடுங்க, பென்டிரைவை ஃபேட்32ல ஃபார்மேட் பண்ணா எல்லா செட்டும் படிக்கும். பைல் பேரைத் தமிழ்ல வச்சா சில செட்ல வெறும் கட்டம் கட்டமா தெரியும், கடைல டெமோ பாக்கும்போதே தமிழ் பேர் வச்ச ஒரு பாட்டைப் போட்டுப் பாத்துடுங்க. பழைய செட்டுக்குள்ள மாட்டின சிடி போச்சேன்னு கவலைப்படாதீங்க, செட்டைக் கழட்டின பிறகு மேல் மூடி ஸ்க்ரூவை எடுத்தா வந்துடும். அந்த செட்டையும் கடைல விட்டுட்டு வராதீங்க, கப்ளரை வெட்டாம வச்சிருக்கறதால எப்ப வேணும்னாலும் திரும்ப மாட்டலாம்.

போன் பேசறப்ப எதிர்ல இருக்கறவங்களுக்கு கேக்கலங்கறது மைக் வச்ச இடத்தால வர்றது. செட் முகத்துல இருக்கற ஊசி ஓட்டை மைக்கை நம்பாம கூட வர்ற வயர் மைக்கை ஸ்டீரிங்குக்குப் பின்னாடி இருக்கற மூடி மேலயோ கண்ணாடிப் பக்கமோ வைங்க, ஏசி காத்து நேரா அடிக்கற இடத்துல வேணாம். ஜிபிஎஸ் ஆண்டெனா பிளாஸ்டிக் டேஷுக்கு அடில வைக்கலாம், இரும்புக்கு அடில வச்சா மேப்ல வண்டி பக்கத்துத் தெருவுல ஓடும். ரிவர்ஸ் கேமரா போட்டா அதுக்கு ரிவர்ஸ் லைட்லேர்ந்து 12 வோல்ட் எடுக்கணும், செட்டோட ரிவர்ஸ் வயருக்கும் அதே லைனைக் குடுத்தாதான் கியர் போட்டதும் படம் வரும். ஹேண்ட்பிரேக் போட்டிருந்தாதான் வீடியோ வரணும்னு செட்ல ஒரு ஹேண்ட்பிரேக் வயர் இருக்கும், அதை எர்த்ல கட்டி ஓடும்போதும் வீடியோ வர்ற மாதிரி பண்ணித் தரேன்னு சொல்வாங்க, வேணாம்னு சொல்லிடுங்க. குடும்பத்தோட ராத்திரில ஜிஎஸ்டி ரோட்டுல போற வண்டில டிரைவர் பக்கத்துல படம் ஓடக் கூடாது, ஹேண்ட்பிரேக் வயரை ஒழுங்கா அதோட இடத்துலயே குடுக்கச் சொல்லுங்க.

கடைல விட்டு மாட்டினாலும் சரி நீங்களே மாட்டினாலும் சரி, பேனலை கடைசியா அழுத்தி மூடறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் போட்டுப் பாத்துடுங்க. நாலு ஸ்பீக்கரையும் பேலன்ஸ் (இடது வலது), ஃபேடர் (முன் பின்) திருப்பி ஒவ்வொண்ணா கேளுங்க, இடது கேட்டா இடதுதான் வரணும். கீயை எடுத்துட்டு ஒரு நிமிஷம் கழிச்சுப் போடுங்க, டைம் மறந்திருக்கக் கூடாது. ஹெட்லைட் போட்டா திரை மங்கணும். ஸ்டீரிங்ல பட்டன் இருக்கற மாடல்னா ஒவ்வொரு பட்டனையும் செட்டுக்குச் சொல்லிக் குடுத்து அழுத்திப் பாருங்க. இன்ஜினை ஆன்ல வச்சு பாட்டை நிறுத்திட்டு ஆக்ஸிலரேட்டரை மிதிங்க, ஸ்பீக்கர்ல சத்தம் ஏறக் கூடாது. பேனல்ல இருக்கற ஹசார்டு சுவிட்ச், ஏசி சுவிட்ச் எல்லாம் வேலை செய்யுதான்னு பாருங்க, கப்ளரைத் திரும்ப மாட்ட மறந்துடறது சாதாரணமா நடக்கும். ஏர்பேக் இருக்கற மாடல்னா கீ போட்டதும் டேஷ்போர்டு மீட்டர்ல எஸ்ஆர்எஸ்ங்கற ஏர்பேக் லைட் எரிஞ்சு சுமார் 6 செகண்ட்ல அணையணும், அணையாம நின்னா வண்டியை அங்கேர்ந்து எடுக்காதீங்க, பேட்டரி மைனஸைக் கழட்டிட்டு பேனலைத் திரும்பத் திறந்து எந்த கப்ளர் விட்டுப்போச்சுன்னு பாக்கச் சொல்லுங்க.